ஆட்டத் திடலிலும் பந்தி வஞ்சனை வேண்டாம்

(ஜார்ஜ்டவுனில் பெற்றோர்களும் அறக்கொடையாளர்களும் கூடியிருந்த கல்வி உதவிநிதிக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்றே என்னை அழைத்தார்கள். தேர்வு, மதிப்பெண், உபகாரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே, பள்ளி மணி அடித்த பிறகு, வெயில் தாழும் நேரத்தில், திடலில் நடக்கின்ற கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பள்ளி விளையாட்டுக் குழுவில் எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தச் சபையில் இதைப் பேசக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நம் கொடையாளர்கள் பள்ளிகளுக்குப் பந்து வாங்கித் தருகிறார்கள். சட்டை தைத்துத் தருகிறார்கள். போட்டிக்குப் போக பேருந்துக் கட்டணம் கட்டுகிறார்கள். பரிசளிப்பு நாளில் கோப்பையோடு எடுத்த படம் நம் கைக்கு வருகிறது. அந்தப் படத்தில் 16 பிள்ளைகள் நிற்பார்கள். அந்த 16 பேரில் எத்தனை பேர் உண்மையில் திடலில் கால் வைத்தார்கள் என்பதைப் படம் சொல்லாது. நாமும் கேட்பதில்லை.

அன்னதானத்தில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், இலை போட்ட பிறகு அவரைத் தாண்டிப் பரிமாறக் கூடாது. தாண்டினால் அதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். தெரிந்தவருக்கு ஒரு கரண்டி கூட, தெரியாதவருக்கு ஒரு கரண்டி குறைவு என்றால், அன்னதானத்தின் பலனே போய்விடும் என்பார்கள் நம் பெரியவர்கள். பள்ளிக் குழுவின் சட்டையை ஒரு பிள்ளைக்குப் போட்டுவிடுவது, பந்தியில் உட்கார வைத்து இலை போடுவது போன்றது. அதன் பிறகு அவனைத் தாண்டிப் போவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். நம் நாட்டில் பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே. காலையில் கணிதமோ மலாய்மொழியோ கற்பித்தவர், மாலையில் விசிலை மாட்டிக்கொண்டு திடலில் நிற்கிறார். பள்ளி அளவில் உருவாகும் குழு மாவட்டப் போட்டிக்குப் போகிறது. பினாங்கில் தீவுப் பகுதியில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டும், பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என மூன்றும், ஆக ஐந்து மாவட்டங்கள். மாவட்டத்தில் தேறியவர் மாநிலப் போட்டிக்கும், மாநிலத்தில் தேறியவர் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம் நடத்தும் தேசியப் போட்டிக்கும் போகிறார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் இடம் குறைந்துகொண்டே போகும். அதில் தவறில்லை.

ஆட்ட நேரத்தைப் பங்கிடும்போது ஆசிரியர் எதைப் பார்க்கிறார்? திறமையைப் பார்க்கிறார். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறானா என்று பார்க்கிறார். சொன்ன பேச்சைக் கேட்கிறானா என்று பார்க்கிறார். கோல் காப்பாளர் வேண்டுமா, தற்காப்பு ஆட்டக்காரர் வேண்டுமா என்ற தேவையைப் பார்க்கிறார். ஆட்டம் முன்னணியில் இருக்கிறதா, பின்தங்கி இருக்கிறதா என்றும் பார்க்கிறார். இவை ஐந்தும் நேர்மையான காரணங்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேறு சில காரணங்களும் உண்டு. எந்தப் பிள்ளையின் தந்தை வேலிக்கு அருகில் நின்று உரக்கக் கத்துகிறார்? எவருடைய வேனில் குழு பயணம் செய்கிறது? பந்து வாங்கித் தந்தவருக்கு யார் உறவு? ஆசிரியரும் மனிதர்தானே! கேளாமலேயே இவை அவர் மனத்தில் புகுந்துவிடுகின்றன.

எல்லாவற்றையும்விட மறைவான ஒரு காரணம் இருக்கிறது. அது பிறந்த மாதம். சிரிக்காதீர்கள், அன்பர்களே. நம் நாட்டில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 12 வயதுப் பிரிவில் இந்த இருவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. அதாவது, அந்தச் சின்னவன் இதுவரை வாழ்ந்த வாழ்நாளில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு! உயரத்திலும் எடையிலும் வேகத்திலும் அது தெரியாமல் இருக்குமா? கனடாவில் 1985ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களிடையே ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை எடுத்துக் காட்டியது. அதன் பிறகு காற்பந்து முதலிய ஆட்டங்களிலும் பல நாடுகளில் இதே உண்மை கண்டறியப்பட்டது.

இது எப்படி நடக்கிறது? மூத்தவன் சற்றுப் பெரியவனாக இருப்பதால் தேர்ந்தெடுக்கப்படுகிறான். தேர்ந்தெடுக்கப்பட்டதால் அதிகம் ஆடுகிறான். அதிகம் ஆடியதால் உண்மையிலேயே தேர்ச்சி பெற்றுவிடுகிறான். இளையவன் உட்கார்ந்தே இருக்கிறான், உட்கார்ந்திருந்ததால் வளரவில்லை. நான்கு ஆண்டு கழித்து, "பார்த்தீர்களா, நான் அன்று தேர்ந்தெடுத்தது சரிதானே" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். நீந்தக் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சொன்னால், யாராவது நீந்தக் கற்க முடியுமா?

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி நெருக்கடி உண்டு. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் ஒரு காற்பந்துக் குழுவுக்கு 11 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஆகவே, அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள். மெலிந்தவனும் ஆடுவான், பயந்தவனும் ஆடுவான். அதே பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போகிறான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளியில் குழுத் தலைவனாக இருந்தவன், இங்கே பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறான். ஏன் என்னை இறக்கவில்லை, நான் எதில் குறை என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். புதிய பள்ளி, பழகாத முகங்கள், மலாய்மொழியில் கேட்கக் கூச்சம். கேட்காமலே இருந்துவிடுகிறான். சில வாரங்களில் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறான். மாலை நேரம் காலியாகிவிடுகிறது. காலியான மாலை நேரத்தை யார் வந்து நிரப்புவார்கள் என்பது, இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு மாணவன் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிடாதவன். மூன்று ஆட்டங்களுக்குச் சட்டை அணிந்து போனான். மூன்றிலும் ஒரு நிமிடம்கூட இறக்கப்படவில்லை. அவன் தாயார் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "சார், இதைத் துவைக்க வேண்டிய வேலையே எனக்கு வரல. ஒரு பொட்டு மண்ணு படல. வேற பிள்ளைக்குக் குடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அமைதியாகத்தான் சொன்னார். குழுப் பொறுப்பில் இருந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். மாவட்டத்தில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சம் அவருக்கு. அந்த மாணவன் பிறகு எந்தக் குழுவிலும் சேரவில்லை.

சிலர் விதிமுறை இடம் தரவில்லை என்பார்கள். அது முழு உண்மையன்று. ஒரு காலத்தில் காற்பந்தில் ஆளை மாற்றவே முடியாது. உலகக் கிண்ணப் போட்டியிலேயே 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில்தான் மாற்று ஆட்டக்காரர் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டார். இன்று பெரியவர்கள் ஆட்டத்திலேயே ஐவரை மாற்றலாம். இளையோர் ஆட்டங்களில், வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே செல்லவும் அனைத்துலக விதி இடம் தருகிறது. தேசியக் காற்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டால் போதும்.

ஹாக்கியைப் பாருங்கள். திடலில் 11 பேர், வெளியே 5 பேர், மொத்தம் 16. 1992ஆம் ஆண்டு முதல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். ஆக 60 நிமிடம். கோல் காப்பாளரை விட்டுவிட்டால் திடலில் பத்துப் பேர். பத்துப் பேருக்கு 60 நிமிடம் என்றால் 600 நிமிடம். அதை மீதமுள்ள 15 பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 40 நிமிடம் கிடைக்கிறது. சமமாக வேண்டாம், ஆளுக்கு ஒரு பகுதி, 15 நிமிடம் மட்டும் உறுதி செய்தாலும் 225 நிமிடம்தான் செலவாகும். மீதி 375 நிமிடத்தைத் திறமைசாலிகளுக்கே கொடுங்கள். வெற்றிக்கு எந்தக் குந்தகமும் வராது.

கபடியில் ஏழு பேர் ஆட, ஐவர் காத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் ஓர் அழகு உண்டு. ஆட்டமிழந்து வெளியேறியவன், தன் குழு எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும் மீண்டும் உள்ளே வருகிறான். அதாவது, வெளியே இருப்பவனுக்கும் திரும்பி வரும் வழி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாறாக, பினாங்கில் 1940களின் நடுவில் வலை கட்டி ஆடும் முறையாக உருப்பெற்ற செப்பாக் தக்ராவில் ஒரு பக்கத்துக்கு மூவர்தாம். அங்கே ஒருவரை மாற்றினால் குழுவில் மூன்றில் ஒரு பங்கே மாறிப்போகிறது. ஆகவே, எல்லா விளையாட்டுக்கும் ஒரே சட்டம் போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இத்தகைய ஆட்டத்தில் இன்னொரு குழு அமைத்து, அதற்கும் ஆட்டங்கள் ஏற்பாடு செய்வதே வழி.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இளையோர் காற்பந்து அமைப்பொன்று, ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் பாதி நேரமாவது ஆடியே தீர வேண்டும் என்பதைத் தன் முதல் கொள்கையாக வைத்திருக்கிறது. நார்வே நாட்டில் பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்றே தனி விதிகள் உண்டு. அங்கே 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தேசியப் பட்டப் போட்டிக்கு அனுப்புவதில்லை. அப்படிப்பட்ட நாடுதான், சுமார் 55 லட்சம் மக்களை மட்டும் வைத்துக்கொண்டு, குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களைக் குவிக்கிறது. எல்லாரையும் ஆட விட்டால் வீரர்கள் உருவாக மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு இதுவே பதில்.

நம் நாட்டிலும் நல்ல ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. சுக்கான்தாராவை நினைத்துப் பாருங்கள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என எல்லா மாணவர்களும் கலந்துகொண்டு, உரிய அளவை எட்டினால் தத்தம் இல்லத்துக்குப் புள்ளி சேர்க்கிறார்கள். சிவப்பு இல்லமோ நீல இல்லமோ, கடைசியாக ஓடுகிறவனின் ஒரு புள்ளியும் அதில் அடக்கம். 2011ஆம் ஆண்டு, ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கையையும் அரசாங்கம் கொண்டு வந்தது. சிறுவர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, விளையாடுவது பிள்ளையின் உரிமை என்கிறது. அந்த ஒப்பந்தத்தில் மலேசியா 1995ஆம் ஆண்டு இணைந்தது. ஆக, கொள்கைக்குக் குறைவில்லை. கொள்கை பெஞ்சு வரை வந்து நின்றுவிடுகிறது, திடலுக்குள் இறங்கவில்லை.

இன்னொன்றையும் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தேர்வுத் தகுதிக்கு 90 விழுக்காடும், புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன. வருகை, பொறுப்பு, ஈடுபாடு, எந்த நிலை வரை பள்ளியைப் பிரதிநிதித்தோம் என்பதெல்லாம் அந்தப் பத்தில் அடங்கும். இதனால், பிள்ளை ஆடாவிட்டாலும் பட்டியலில் பெயர் வந்தால் போதும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். பெயர் வேறு, ஆட்டம் வேறு. ஆடாமல் வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். அது பிள்ளையின் நெஞ்சில் ஒட்டாது.

அப்படியானால் எல்லாருக்கும் எப்போதும் சம நேரமா? இல்லை, அன்பர்களே. 17 வயது இளைஞன் மாநிலத்தைப் பிரதிநிதித்து இறுதியாட்டத்தில் நிற்கிறான். ஐந்து ஆண்டு வியர்வை சிந்தியவனையும் ஐந்து வாரம் வந்தவனையும் சமமாக வைப்பது நீதி ஆகாது. என் கருத்தில் மூன்று நிலைகள் உண்டு. பள்ளிக்குள் நடக்கும் இல்ல விளையாட்டிலும் தொடக்கப்பள்ளிப் பயிற்சி ஆட்டத்திலும் எல்லாருக்கும் சம நேரம். 12 வயதுப் பிரிவிலும் இடைநிலைப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலும், பயிற்சிக்கு ஒழுங்காக வந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச நேரம் உறுதி, மீதி திறமைக்கு. மாநில, தேசியப் போட்டிகளில் திறமைக்கே முதலிடம்; ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இலை போட்ட பிறகு தாண்டுவதுதான் வஞ்சனை. இந்தப் பந்தியில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வாசலிலேயே சொல்வது வஞ்சனை ஆகாது.

ஹாக்கிக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு 2 வெள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பெயர், பயிற்சி வருகை, ஆடிய நிமிடம் என மூன்று கட்டம். பருவத் தொடக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து விதியைப் படித்துக் காட்டினேன். பயிற்சிக்கு வந்தால் ஒரு பகுதி உறுதி, வராவிட்டால் இல்லை, அதற்கு மேல் திறமைக்கு ஏற்ப. நோட்டுப் புத்தகம் எல்லாரும் பார்க்கும்படி பந்துப் பைக்குள்ளேயே கிடக்கும். இதனால் கோப்பைகள் குவிந்தன என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளில் வென்றோம். சில ஆண்டுகளில் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம். ஆனால் பருவ இறுதியிலும் 16 பேரும் பயிற்சிக்கு வந்தார்கள். ஏன் என்னை இறக்கவில்லை என்று கேட்க ஒரு பிள்ளைக்கும் தயக்கம் இருக்கவில்லை. புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்கள்.

இந்த அரங்கில் இருப்பவர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

ஆசிரியர்களே, விதியை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள். பிள்ளை தாங்கிக்கொள்ள முடியாதது குறைந்த நேரம் அன்று. காரணம் தெரியாத நேரம். ஒருவனை வெளியில் உட்கார வைத்தால், எதைத் திருத்திக்கொண்டால் உள்ளே வரலாம் என்பதை அவனிடம் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக் குழுவுக்கும் இதே முறைதான். எழுவர் மட்டும் ஆட, மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டி தூக்க வந்தவர்கள் அல்லர்.

பெற்றோர்களே, வேலிக்கு வெளியே நின்று கைதட்டுங்கள், கட்டளையிடாதீர்கள். உங்கள் பிள்ளை இறக்கப்படாவிட்டால், ஆட்டம் முடிந்த அன்றே சண்டைக்குப் போகாதீர்கள். மறுநாள் போய், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பணிவாகக் கேளுங்கள். முதலாம் படிவப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியை மலாய்மொழியில் கேட்கக் கற்றுக்கொடுங்கள். அது விளையாட்டுக்கு மட்டும் அல்ல, வாழ்க்கைக்கே உதவும்.

கொடையாளர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். கொடுக்கின்ற கை, குழுப் பட்டியலைத் தொட வேண்டாம். உங்கள் பேரனுக்கோ, உங்கள் கடை ஊழியரின் மகனுக்கோ இடம் கேட்டுத் தொலைபேசியில் பேச வேண்டாம். அப்படிக் கேட்டுப் பெற்ற இடத்தில் ஆடும் பிள்ளைக்கும் அது பெருமையன்று. அடுத்த முறை பள்ளிக்குச் சட்டை தைத்துத் தரும்போது, "எத்தனை கோப்பை?" என்று கேட்பதோடு நில்லாமல், "இந்த ஆண்டு எத்தனை பேர் ஆடினார்கள்?" என்றும் கேளுங்கள். முடிந்தால் இரண்டாவது குழுவுக்கு ஒரு நட்பு ஆட்டம் நடத்த, பேருந்துக் கட்டணம் கொடுங்கள். கோப்பை இல்லாத அந்த ஆட்டத்தில்தான் உங்கள் பணம் நேரடியாகப் பிள்ளையின் காலைச் சென்று சேரும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்ட நேரம் பிச்சையன்று, பரம்பரைச் சொத்தும் அன்று. பயிற்சிக்குப் போகாதவன் பெஞ்சில் உட்கார்ந்து முறையிட உரிமையற்றவன். போனவனுக்குக் கேட்க உரிமை உண்டு. உள்ளே இருப்பவர்கள், வெளியே காத்திருக்கும் நண்பனை மறவாதீர்கள். அவன் தினமும் உங்களுக்கு எதிரே நின்று பயிற்சி கொடுத்ததால்தான் நீங்கள் தேறினீர்கள்.

இந்த ஆண்டு நம் உதவி பெறும் பள்ளிகளிடமிருந்து அறிக்கை வரும்போது, வெற்றி தோல்விப் பட்டியலோடு, ஆடிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒரு வரியாக இடம்பெறட்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரிக்குச் செலவில்லை. ஆனால் அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தால், நீங்கள் அளித்த கொடை பந்தியின் கடைசி இலை வரை போய்ச் சேர்ந்தது என்று நிறைவாக நம்பலாம்.